அக்காவின் கொம்பியூட்டரில் இருப்பது விண்டோஸ்

போன ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்குப் போகக் குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நின்றபோது இந்த விவாதம் தொடங்கியது. பாதை என்றதும் வெளியூர் வாசகர்கள் தெருவை நினைப்பீர்கள். எங்களுக்கு அது மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவை. எழுவான்கரையில் ஏறினால் படுவான்கரையில் இறக்கிவிடும். கூட நின்றவன் வந்தாறுமூலையில் என்னோடு படித்தவன். இப்போது வெளிநாட்டில் மென்பொருள் எழுதுகிறான். 15 வருடமாக அவனுடைய மடிக்கணினியில் லினக்ஸ் தவிர வேறொன்றும் ஏறியதில்லை.

நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கருவியைப் பற்றி ஆர்வமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"விண்டோசிலயும் ஓடுமா?"

"ஓம்."

"ஏன்டா? நாம கட்டுற நல்ல சாமானெல்லாம் அங்கேயே கிடைச்சா, மறுகா ஆர் அங்க இருந்து வெளிக்கிடுவான்?"

பாதை வந்தது, ஏறினோம், சனநெருக்கத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால் அவன் கேட்டது லேசான கேள்வி இல்லை. திறந்த மூல மென்பொருள் எழுதுபவர்கள், மூலநிரலைப் பூட்டி வைத்திருக்கும் ஓர் இயங்குதளத்துக்காகத் தங்கள் உழைப்பைக் கொடுக்க வேண்டுமா? மூன்று மாதமாக மனதில் கிடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

களுவாஞ்சிக்குடியில் பிரதான வீதியோரம் ஒரு கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், டைப்செட்டிங். அதை நடத்தும் அக்கா 2001ஆம் ஆண்டிலிருந்து தமிழ் தட்டச்சுச் செய்கிறார். திருமண அழைப்பிதழ், கோயில் விஞ்ஞாபனம், சங்கங்களின் கூட்ட அறிக்கை, கண்ணீர் அஞ்சலி, இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரான கல்வெட்டு. எல்லாமே பாமினியில். இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்குப் பாமினியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு சொல்: பாமினி ஒரு வேடம். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். 'அம்மா' என்று அடிக்க அக்காவின் விரல்கள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகளைத் தொடும். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் மேல் விழும் புள்ளி. கணினியின் நினைவில் அம்மா இல்லை, அந்த ஐந்து குறிகள்தான் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அரைப்புள்ளிகள் தூவிய ஆங்கிலக் குப்பை தெரியும். கூகிளில் தேடினால் அகப்படாது. தொலைபேசிக்கு அனுப்பினால் வாசிக்க முடியாது.

அதைப் பொது எழுத்துக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றுவதுதான் என் கருவியின் வேலை. மாற்றி ஒன்றும் புதிதில்லை. ஜேர்மனியிலிருந்து சுரதா யாழ்வாணன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்த மாற்றியை நம்மில் எத்தனை பேர் பாவித்திருக்கிறோம்! ஆனால் அக்காவின் கோப்புகளில் ஒரு சிக்கல் இருந்தது. பாமினியின் நடுவே ஆங்கிலமும் வரும்: ஒருவருடைய பட்டம், வெளிநாட்டு விலாசம், மின்னஞ்சல். முழுவதையும் பிரதி எடுத்து மாற்றியில் ஒட்டினால் அந்த ஆங்கிலமும் 'தமிழாகி' உருக்குலைந்துவிடும். ஆகவே ஆவணத்துக்குள்ளே போய், எந்தத் துண்டு பாமினி எழுத்துருவில் இருக்கிறதோ அதை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் விட வேண்டும். இன்னொன்று: பாமினியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், அரவு என்று கண்ணால் பார்க்கும் வரிசையில் மூன்று துண்டாக இருக்கும். யுனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. வரிசையைப் புரட்டிப் போட வேண்டும். இதையெல்லாம் லிப்ரே ஒபிஸ் என்ற திறந்த மூல அலுவலகத் தொகுப்புக்குள் ஏறும் ஒரு நீட்சியாகப் பைத்தனில் எழுதினேன்.

எழுதி முடித்து, பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். லினக்சையும் அதே பென்ட்ரைவில் கொண்டுபோயிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நல்லதொரு நாளாகப் பார்த்து அக்காவின் கணினியையும் மாற்றிவிடலாம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அன்றைக்குக் கடையில் ஒரு மரணவீட்டுக்காரர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் இறந்தவரின் படம். அக்கா திரையிலிருந்து கண் எடுக்காமலே சொன்னார்:

"தம்பி, நீங்க சொல்ற லினக்ஸ் நல்லதாத்தான் இருக்கும். விடியக்க இந்தப் போஸ்டர் குடுக்கணும். இண்டைக்கு ராவைக்குள்ள நான் எப்படிப் புதுசாப் பழகுற?"

நண்பனுக்கு என் பதிலில் பாதி இதுதான். அக்கா விண்டோசைத் தேர்ந்தெடுக்கவில்லை. கணினி வாங்கியபோது அது அதோடு வந்தது. பாடநெறியில் சொல்லிக்கொடுத்தது அதுதான், பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்ததும் அதுதான். யாரும் அவர் முன் இரண்டு கதவைத் திறந்து காட்டி எதில் போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அவர் தவறான விடை சொல்லிவிட்டார் என்பதுபோல, "நீ அந்த இயங்குதளத்தில் இருக்கும்வரை என் கருவி உனக்கில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் தண்டனை அனுபவிப்பது அந்த நிறுவனமா, அக்காவா?

மீதிப் பாதி நமது மொழியின் கதையில் இருக்கிறது.

2000களின் தொடக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 2000இல்தான் லதா எழுத்துருவோடு யுனிகோடு தமிழ் உள்ளே வந்தது. எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரிய, மொழி அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான கட்டத்தில் ஒரு சரியடையாளம் போட வேண்டும். போட்டவுடன் அது எக்ஸ்பி சீடியைக் கேட்கும். சீடி கையில் இல்லாதவன் அங்கேயே நின்றுவிடுவான். இந்தக் காலத்தில்தான் 'தமிழா' குழுவின் எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் வந்தது. முகுந்தராஜும் நண்பர்களும் செய்தது. தொடக்கத்தில் அது கீமேன் என்ற, அன்று மூலநிரல் மூடியிருந்த ஒரு மென்பொருளின் மேலேறி நின்றது. பின்னர் முழுவதையும் திறந்த மூலமாக, ஜிபிஎல் உரிமத்தில் எழுதினார்கள். தமிழ்99, அஞ்சல் முறை, தட்டச்சு முறை, அவற்றோடு எங்களுக்காகப் பாமினியும் அதில் இருந்தது. பாமினி அடித்த விரல்கள் அதே விசைகளை அடித்தால் யுனிகோடு விழும்.

அது விண்டோசுக்காகச் செய்யப்பட்டது. அந்தக் குழுவினர் லினக்சைத் தமிழாக்குவதிலும் ஃபயர்பொக்ஸ், ஓபன் ஒபிஸ் தமிழாக்கத்திலும் உழைத்தவர்கள். கட்டற்ற மென்பொருளின் கொள்கை அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் தமிழர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே போய்க் கலப்பையைக் கொடுத்தார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது, 2005இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் தொடங்கியது, அதே ஆண்டுகளில்தான் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. அவற்றில் எழுதியவர்களில் எத்தனையோ பேரின் முதல் யுனிகோடு எழுத்து எ-கலப்பையால் விழுந்தது. "லினக்சுக்கு வாருங்கள், பிறகு தமிழ் தருகிறோம்" என்று அவர்கள் காத்திருந்தால், நாமெல்லாம் இன்னும் சில ஆண்டுகள் ஆளுக்கொரு எழுத்துருவில் தனித்தனித் தீவாக இருந்திருப்போம்.

இந்தக் கரைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26. அன்றைக்கு எங்கள் கடற்கரையில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். யார் எந்த முகாமில், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எதைக் கொண்டுவருகிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் கிடந்த அந்த நாட்களில், கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசனோடு சேர்ந்த தன்னார்வலர்கள் சில நாட்களிலேயே சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமல்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு என்று பகுதி பகுதியாகக் கட்டினார்கள். பின்னர் அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் போனது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயன்பாட்டுக்காகக் கொடுக்கும் விருது 2006ஆம் ஆண்டு அதற்குத்தான் கிடைத்தது. கட்டற்ற மென்பொருளுக்காகக் குனு திட்டத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் சொந்த அமைப்பு கொடுத்த விருது.

சஹானா இணைய உலாவியில் ஓடியது. சேவையகத்தில் லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி. உலாவி மட்டும் இருந்தால் போதும், தரவு பதிகிறவருடைய மேசையில் எந்த இயங்குதளம் என்று அது கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அது எவ்வளவு கொடுமையான கேள்வியாக இருந்திருக்கும்.

சரி, நண்பனின் பக்கத்துக்கு வருகிறேன். அவன் சொல்வதற்குப் பின்னால் ஆழமான ஒரு நியாயம் இருக்கிறது. குனு திட்டத்தின் நிரலாக்க நெறிமுறையே இதைப் பேசுகிறது: யுனிக்ஸ் வகையைச் சேராத அமைப்புகளுக்கு மென்பொருளைக் கொண்டுபோவது பெரிய வேலையாக இருந்தால், அந்த நேரத்தைக் குனு, லினக்ஸ் அமைப்புகளுக்குப் பயன்படும் வசதிகளில் செலவிடுங்கள் என்கிறது. தடை போடவில்லை. உழைப்பு அளவானது, அதை எங்கே கொட்டுகிறாய் என்று பார் என்கிறது. அதே திட்டத்தின் ஈமாக்ஸ் தொகுப்பி இன்னும் ஒரு படி மேலே போனது. 2016இல் வந்த 25.1 பதிப்பில், மக் கணினியில் வண்ண முகக்குறிகளைக் காட்டும் வசதியை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். கட்டற்ற இயங்குதளங்களில் அந்த வசதி வரும்வரை இங்கேயும் இல்லை என்றார்கள். 2020இல் 27ஆம் பதிப்பில் லினக்சுக்கும் அது வந்தபிறகுதான் மக்குக்குத் திரும்பக் கிடைத்தது.

இதை வாசித்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. இருந்ததை ஏன் பறிக்க வேண்டும்? பிறகு யோசித்தேன். பறித்த முறையோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் அதன் அடியில் கிடக்கும் கொள்கையை நான் எடுத்துக்கொண்டேன்: பூட்டிய தளத்தில் ஓடும் பதிப்பு, திறந்த தளத்தில் ஓடுவதைவிட ஒருபோதும் மேலானதாக இருக்கக் கூடாது. என் நீட்சியில் எந்த வசதியும் லினக்சில் ஓடிய பிறகுதான் விண்டோசில் சரிபார்க்கப்படும். விண்டோசின் சொந்த நூலகம் எதையும் அது தொடாது. நாளைக்கு விண்டோஸ் இல்லாமல் போனாலும் என் நிரலில் ஒரு வரி உடையாது.

இந்த ஒழுங்கை நான் ஒரு தோல்வியிலிருந்துதான் கற்றேன். நீட்சிக்கு முன், தனியாக ஓடும் ஒரு விண்டோஸ் செயலியாகத்தான் இதைச் செய்து பார்த்தேன். கையொப்பமில்லாத செயலியைத் திறந்தால் நீலப் பெட்டி ஒன்று எச்சரிக்கும். முகந்தெரியாத செயலியை எச்சரிப்பது நியாயம், அதில் குறை சொல்ல எனக்கொன்றுமில்லை. ஆனால் அந்தக் கையொப்பச் சான்றிதழை ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பைத்தனைப் பொதி கட்டி ஒற்றைக் கோப்பாக்கினால் வைரஸ்தடுப்பிகள் அதைச் சந்தேகப்படுவதும் வழமை. ஒருவருடைய கணினியில் நான் வைத்துவிட்டு வந்த செயலி, நான் வீட்டுக்கு வந்து சேர முன்னமே அழிக்கப்பட்டிருந்தது. ஒரு கிழமை முழுக்க நான் தமிழுக்காக உழைக்கவில்லை, ஒரு பூட்டைத் திறக்க உழைத்திருக்கிறேன் என்று அன்றிரவு விளங்கியது. நண்பன் சொல்லும் வீண் உழைப்பு என்பது இதுதான். அவன் சொன்னதில் இந்த அளவுக்கு எனக்குப் பூரண சம்மதம்.

லிப்ரே ஒபிஸ் நீட்சியாக மாற்றியவுடன் அந்தச் சுமை முழுவதும் என் தோளிலிருந்து இறங்கியது. ஏனென்றால் அதை ஏற்கெனவே வேறு யாரோ சுமந்துவிட்டார்கள். லிப்ரே ஒபிஸ் பாவிப்போரில் பெரும்பங்கினர் விண்டோசில் இருப்பவர்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பதிப்பையும் கட்டி, கையொப்பமிட்டு, சோதித்து வெளியிடுகிறவர்கள் இருப்பதால்தான் களுவாஞ்சிக்குடியில் ஒருவன் எழுதிய சில நூறு வரி அக்காவின் மேசைக்குப் போக முடிந்தது. அந்த உழைப்பின் மேல் நின்றுகொண்டு "விண்டோசுக்கு உழைப்பது தவறு" என்று நான் எப்படிச் சொல்வேன்?

மக்குக்கு நான் தனியாக ஒன்றும் செய்யவில்லை. அப்பிளில் முறைப்படி கையொப்பமிட்டு வெளியிட வருடத்துக்கு 99 டொலர், இன்றைக்குக் கிட்டத்தட்ட 30,000 ரூபாய். என்னிடம் மக் இல்லை, சோதித்துப் பார்க்க ஊரில் கேட்டு வாங்கவும் ஒன்றில்லை. நிரல் திறந்திருக்கிறது, வேண்டியவர் எடுத்துக் கட்டலாம். விருப்பம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. 2011 ஜனவரியில் வி.எல்.சி. என்ற காணொளி இயக்கி ஐபோனின் செயலிக் கடையிலிருந்து நீக்கப்பட்டது, அந்தக் கடையின் நிபந்தனைகள் ஜிபிஎல் உரிமத்தோடு பொருந்தவில்லை என்பதால். உரிமத்தை மாற்றிய பிறகு 2013இல்தான் திரும்ப வந்தது. ஆகவே எல்லாத் தளத்துக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் யாரையும் நெருக்கக் கூடாது. சம்பளமில்லாமல் இரவு விழித்து எழுதுகிறவனிடம் "விண்டோஸ் பதிப்பு எங்கே?" என்று அதட்டிக் கேட்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது அவன் தரும் கொடை. எந்தக் கரையில் இறக்குவது என்பது அவன் விருப்பம்.

"ஆர் அங்க இருந்து வெளிக்கிடுவான்?" என்ற கேள்விக்கு என்னிடம் இப்போது ஒரு விடை இருக்கிறது. அக்கா வெளிக்கிட்டார். பாதி.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அக்காவின் இரண்டு கணினிகளும் பழையவை, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லு அவற்றில் இல்லை. கேடிஈ சமூகம் தொடங்கிய ஒரு பிரசாரம் இந்த நாளை வைத்தே உலகம் முழுவதும் பழைய கணினிகளை லினக்சுக்கு மாற்றச் சொன்னது. அந்தக் கிழமை அக்காவே என்னைக் கூப்பிட்டார்.

"அண்டைக்குச் சொன்னீங்களே, அதை இதில போட்டுப் பார்ப்பமா தம்பி?"

ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. நான் பயந்த ஒன்றும் நடக்கவில்லை, காரணம் எளிது. விண்டோசில் இருந்தபோதே அவர் ஃபயர்பொக்சும் லிப்ரே ஒபிசும் பாவித்துப் பழகியிருந்தார். என் நீட்சிக்காகத்தான் முதலில் லிப்ரே ஒபிசை ஏற்றினோம். இப்போது அதே பொத்தான்கள், அதே இடத்தில். பாமினியும் சும்மா ஓர் எழுத்துருக் கோப்புத்தானே, லினக்சில் போட்டவுடன் இருபது வருடத்து விரல் பழக்கம் அப்படியே வந்தது. "எல்லாம் அதேதான், பின்படம்தான் வேற" என்றார். வீடு மாறுவதற்கு முன்னமே தட்டுமுட்டுச் சாமானெல்லாம் புது வீட்டுக்குப் போய்விட்டதுபோல.

மற்றக் கணினியில் விண்டோஸ்தான். அங்கே போட்டோசொப்பில் செய்த நூற்றுக்கணக்கான போஸ்டர் வடிவங்கள் இருக்கின்றன. கட்டற்ற படத்தொகுப்பியான கிம்ப் அவற்றைத் திறக்கும், ஆனால் எழுத்துகளுக்குப் போட்ட அலங்காரம் குலைந்துவிடும். மரணவீட்டுக்காரரைக் கதிரையில் இருத்திவிட்டு அதைத் திருத்திக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கணினி அங்கே இருக்கும்வரை என் நீட்சி அதிலும் ஓடும்.

கார்த்திகையில் பழைய சீடிகளை எடுத்தோம். ஒரு பிஸ்கற் டின் நிறைய, மார்க்கர் பேனையால் அக்கா எழுதிய திகதிகளோடு. சிலது வாசிக்கவில்லை. வாசித்ததில் பாதி வேர்ட் கோப்பு, பாதி பேஜ்மேக்கர். பேஜ்மேக்கரைத் திறக்க எங்களிடம் ஒன்றும் இல்லை என்று அக்கா நினைத்திருந்தார். ஆனால் லிப்ரே ஒபிஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே அதைத் திறக்கும். கைவிடப்பட்ட மூடிய வடிவங்களைப் பிரித்துப் படிக்கும் ஒரு திட்டத்தில் உழைத்த தன்னார்வலர்கள் செய்த வேலை அது. பக்க அமைப்பு கோணல்மாணலாக வந்தது. எழுத்துகள் வந்தன. அது போதும்.

2005 தை மாதத்துச் சீடியில் முப்பத்தோராம் நாள் மலர்கள் மட்டும்தான் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, மாற்றி, ஒரே கோப்பில் சேர்த்தோம். மாறி முடிந்த பக்கங்களில் பெயர்கள் வரிசையாகத் தமிழில் நின்றன. ஒரே குடும்பப் பெயர் நான்கு பக்கத்துக்குத் தொடர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை.

போன கிழமை சுவிஸிலிருந்து ஒரு பிள்ளை கடைக்கு அழைத்திருக்கிறது. சுனாமியின்போது நாலு வயது. அம்மம்மாவின் கல்வெட்டு யாரிடமும் இல்லை, வீடே போய்விட்டது, உங்கள் கடையில்தான் அடித்ததாக மாமா சொன்னார், ஏதும் இருக்குமா என்று. நான் அப்போது கடையில்தான் நின்றேன். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்தக் கோப்பைத் திறந்தார். விண்டோஸ் கணினியில்தான். எ-கலப்பையைப் பாமினியில் வைத்து, தேடும் பெட்டியில் தனக்குப் பழகிய அதே விசைகளால் பெயரை அடித்தார். திரை 61ஆம் பக்கத்துக்குத் தாவியது.

"இருக்கு மகள்," என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல், பிரிண்டரைப் போட்டார்.